டவர் இல்லாத விமான நிலையத்தில் யாரோடும் மோதாமல் இறங்குவது எப்படி

பைலட் பயிற்சிக்காக அமெரிக்கா போகிற நம்ம ஊர்ப் பிள்ளைகளை முதலில் திகைக்க வைப்பது விமானம் இல்லை, விமான நிலையம்தான். பொதுமக்கள் பயன்படுத்தக்கூடிய விமான நிலையங்கள் அங்கே சுமார் 5,000 இருக்கின்றன. அவற்றில் கண்ட்ரோல் டவர் உள்ளவை 500-ஐ ஒட்டித்தான் வரும். மீதி இடங்களில் 'இறங்கலாம்' என்று சொல்ல ஆள் கிடையாது. ஒரே ஓடுபாதையை நோக்கி மாணவர் ஒருவர் செஸ்னா 152-இல் 60 நாட் (மணிக்கு 60 கடல் மைல்) வேகத்தில் வருவார், இன்னொருவர் சொந்த இரட்டை இன்ஜின் விமானத்தில் அதைப்போல இரண்டு மடங்கு வேகத்தில் வருவார், ரேடியோவே இல்லாத பழைய பைப்பர் கப் ஒன்று ஆடி அசைந்து வரும், வயலுக்கு மருந்தடிக்கும் விமானம் ஒன்று யாரும் எதிர்பார்க்காத பக்கத்திலிருந்து தாழப் பறந்து நுழையும். இவர்கள் எல்லோரும் தங்களுக்குள்ளேயே பேசி, பார்த்து, ஒதுங்கி, வரிசை போட்டு இறங்க வேண்டும். ஒருவரையொருவர் இடிக்காமல் பார்த்துக்கொள்வது முழுக்க அந்தந்த விமானியின் பொறுப்பு.

இது ஏதோ பைத்தியக்காரத்தனமான ஏற்பாடு என்று நினைக்க வேண்டாம், தினமும் ஆயிரக்கணக்கான முறை ஒழுங்காகவே நடக்கிறது. ஆனால் எங்கே சொதப்பும் என்று தெரிந்திருக்க வேண்டும். நடுவானில் மோதல் என்றதும் இரண்டு விமானங்கள் நேருக்கு நேர் பாய்ந்து வருவதுதான் நம் மனதில் ஓடும். நடப்பது பெரும்பாலும் அப்படி இல்லை. நல்ல பகல் வெளிச்சத்தில், தெளிவான வானத்தில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில், ஏறக்குறைய ஒரே திசையில் போகிற இரண்டு பேர்தான் இடித்துக்கொள்கிறார்கள். வேகமாக வருபவர் பின்னாலிருந்து மெதுவானவரை மோதுகிறார், இல்லையென்றால் மேலே இருப்பவர் கீழே இருப்பவர் மேல் இறங்குகிறார். எல்லோரும் கடைசியில் ஒரே கோட்டுக்கு, ஒரே உயரத்துக்கு வந்துதானே ஆக வேண்டும்! அதனால் கீழே சொல்லப்போகிற எல்லாமே இரண்டு விஷயத்துக்குள் அடக்கம்: அடுத்தவர் ஊகிக்கிற மாதிரி நீங்கள் பறக்க வேண்டும், ஆனால் அடுத்தவரும் அப்படித்தான் பறப்பார் என்று நம்பிவிடக் கூடாது.

கிளம்பும் முன்பே முடிக்க வேண்டிய வேலை

போகிற விமான நிலையத்தின் ஃப்ரீக்வென்சி, ஓடுபாதை எண்கள், பேட்டர்ன் உயரம், பேட்டர்ன் எந்தப் பக்கம் ஆகியவற்றைத் தரையிலேயே எழுதி முழங்காலில் கட்டிக்கொள்ளுங்கள். பேட்டர்ன் என்பது இறங்கும் முன் ஓடுபாதையை ஒட்டிப் பறக்கிற செவ்வகச் சுற்று: ஓடுபாதைக்கு இணையாக, இறங்குகிற திசைக்கு எதிரே பறப்பது டவுன்விண்ட், அதற்குக் குறுக்கே திரும்புவது பேஸ், ஓடுபாதைக்கு நேரே இறங்கி வருவது ஃபைனல். வேறு அறிவிப்பு இல்லையென்றால் எல்லாத் திருப்பமும் இடப்பக்கம்தான். வலப்பக்கம் என்றால் விமானிகளின் வரைபடமான சார்ட்டில் 'ஆர்.பி.' என்று போட்டு ஓடுபாதை எண்ணையும் கொடுத்திருப்பார்கள். மலை, ஊர், பக்கத்து விமான நிலையம் என்று ஏதாவது காரணத்துக்காக ஒரு ஓடுபாதைக்கு இடம், அதன் மறுமுனைக்கு வலம் என்று வைத்திருப்பதும் சாதாரணம். இதைக் கவனிக்காமல் போய்த் தவறான பக்கம் நுழைந்தால் எல்லோருக்கும் எதிர்த்திசையில் நீங்கள் பறப்பீர்கள்.

பேட்டர்ன் உயரம் பொதுவாகத் தரையிலிருந்து 1,000 அடி. ஜெட் மாதிரியான டர்பைன் விமானங்களுக்கும் பெரியவற்றுக்கும் 1,500 அடி. விமான நிலையம் கடல்மட்டத்திலிருந்து 600 அடியில் இருந்தால் உங்கள் ஆல்டிமீட்டரில் 1,600 காட்ட வேண்டும். 1,600 என்றால் 1,600-தான், 1,750 இல்லை. அடுத்தவர் உங்களைத் தேடும்போது அடிவானத்தை ஒட்டித்தான் தேடுவார்; நீங்கள் 150 அடி மேலே மிதந்துகொண்டிருந்தால் அவருடைய இறக்கைக்கோ கூரைக்கோ பின்னால் மறைந்துபோவீர்கள்.

அப்புறம் கண்ணாடியைத் துடையுங்கள். சிரிக்காதீர்கள், உண்மையாகத்தான் சொல்கிறேன். 3 மைல் தள்ளி இருக்கும் ஒரு செஸ்னா, கண்ணாடியில் செத்து ஒட்டியிருக்கும் பூச்சியைவிடச் சின்னதாகத் தெரியும். பூச்சிகள் நிறைந்த கண்ணாடி வழியாக வானத்தைப் பார்த்துப் பழகியவருக்கு ஒரு புள்ளி கூடினால் தெரியாது.

10 மைலில் தொடங்குவது

20 மைல் தொலைவிலேயே அந்த இடத்து ஃப்ரீக்வென்சியைக் கேட்கத் தொடங்குங்கள், பேச வேண்டாம். தானியங்கி வானிலை நிலையம் இருந்தால் காற்று எந்தப் பக்கம் என்று அதில் கேட்டுக்கொள்ளலாம், ஆனால் எந்த ஓடுபாதையைப் பயன்படுத்துகிறார்கள் என்பதை அங்கே பறப்பவர்கள் பேசுவதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். காற்றே இல்லாத காலை நேரத்தில் ஓடுபாதையின் இரண்டு முனையிலும் ஆட்கள் இறங்கிக்கொண்டிருப்பது நடக்கிற கதைதான்.

10 மைலில் முதல் அழைப்பு. எந்த ஊர், நீங்கள் யார், எங்கே இருக்கிறீர்கள், எந்த உயரம், என்ன செய்யப் போகிறீர்கள், மறுபடியும் எந்த ஊர். கலிபோர்னியாவின் வாட்சன்வில்லை எடுத்துக்கொண்டால் இப்படி வரும்: "வாட்சன்வில் டிராஃபிக், செஸ்னா ஃபைவ் டூ சியேரா, டென் மைல்ஸ் சவுத்ஈஸ்ட், டூ தவுசண்ட் ஃபைவ் ஹண்ட்ரட், இன்பவுண்ட் ஃபார் லேண்டிங், ரன்வே டூ ஜீரோ, வாட்சன்வில்." ஊர்ப் பெயரை இரண்டு முறை சொல்வது அலங்காரத்துக்கு இல்லை. 122.8 மாதிரியான ஒரே ஃப்ரீக்வென்சியைச் சுற்றுவட்டாரத்தில் நாலைந்து விமான நிலையங்கள் பங்குபோட்டுக்கொள்ளும். 40 மைல் தள்ளி இருப்பவர் பேசுவதும் உங்கள் காதில் விழும், ஆரம்பத்தில் சொன்ன ஊர்ப் பெயர் பாதி நேரம் யாரோ மைக்கை அழுத்தியதில் அமுங்கிப் போகும். கடைசியில் வருகிற பெயர்தான் காப்பாற்றும்.

இந்த ரேடியோ அழைப்பு மலைப்பாதைக் கொண்டை ஊசி வளைவில் ஹாரன் அடிக்கிற மாதிரிதான். நான் வருகிறேன் என்று சொல்கிறீர்கள், அவ்வளவே. பதில் வரவில்லை என்பதால் எதிரே யாரும் இல்லை என்று ஆகிவிடாது. ரேடியோ இல்லாதவர், ரேடியோ இருந்தும் தவறான ஃப்ரீக்வென்சியில் இருப்பவர், ஒலியைக் குறைத்துவிட்டு மறந்தவர், சரியாக அதே நொடியில் தானும் பேசியதால் உங்களைக் கேட்காதவர் என்று பதில் வராமல் இருக்க நிறைய காரணம் உண்டு.

இதனால்தான் "எனி டிராஃபிக் இன் த ஏரியா, ப்ளீஸ் அட்வைஸ்" என்கிற வாக்கியத்தை எந்தச் சூழ்நிலையிலும் பயன்படுத்தாதீர்கள் என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ.வின் கையேடே எழுதி வைத்திருக்கிறது. ஆனாலும் வார இறுதியில் எங்கே போனாலும் யாராவது ஒருவர் இதைச் சொல்லியே தீருவார். அதைக் கேட்டதும் நாலு பேர் ஒரே நேரத்தில் மைக்கை அழுத்த, யார் பேசியதும் யாருக்கும் புரியாமல் வெறும் கிறீச்சிடும் சத்தம்தான் மிஞ்சும். 20 மைலில் இருந்தே கேட்டுக்கொண்டு வந்தவருக்கு அந்தக் கேள்விக்கே அவசியம் இருக்காது.

வெளியே பார்க்காமல் கருவிகளை வைத்தே பறக்கிற இன்ஸ்ட்ருமென்ட் பயிற்சியில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. "ஆர்நேவ் டூ ஜீரோ, இந்த ஃபிக்ஸில் இன்பவுண்ட்" என்று இன்ஸ்ட்ருமென்ட் சார்ட்டில் இருக்கிற ஓர் இடத்தின் ஐந்தெழுத்துப் பெயரைச் சொன்னால், நேற்று முதல் முறை தனியாகப் பறந்த மாணவருக்கு அது எங்கே இருக்கிறது என்று எப்படித் தெரியும்? "5 மைல் வடக்கே, நேராக ஃபைனலுக்கு வருகிறேன், 1,800 அடி" என்று சொல்லுங்கள். எத்தனை மைல், எந்தத் திசை, என்ன உயரம் என்பது எல்லோருக்கும் புரியும்.

வரிசையில் நுழைவது

எஃப்.ஏ.ஏ.வின் 90-66 என்ற சுற்றறிக்கை பரிந்துரைக்கிற வழி இது: பேட்டர்ன் உயரத்துக்கு முன்பே இறங்கி நிலையாகிவிட்டு, டவுன்விண்ட் கோட்டின் நடுப்பகுதியை நோக்கி 45 டிகிரி சாய்வில் வந்து சேருங்கள். இந்தக் கோணத்தில் வரும்போது டவுன்விண்டில் இருப்பவர், பேஸில் திரும்புபவர், ஓடுபாதையிலிருந்து கிளம்புபவர் எல்லோருமே உங்கள் முன்கண்ணாடியில் இருப்பார்கள். இடம் இல்லை என்று தெரிந்தால் வெளிப்பக்கமாகத் திரும்பிப் போய் மறுபடியும் வரலாம்.

இறங்கிக்கொண்டே பேட்டர்னுக்குள் நுழைவது மட்டும் கூடவே கூடாது. உங்களுக்குக் கீழே இருக்கும் விமானம் உங்கள் மூக்குக்கு அடியில் மறைந்திருக்கும், அவருக்கு நீங்கள் அவருடைய கூரைக்கு மேலே. இரண்டு பேருமே கவனமாகத்தான் இருப்பார்கள், இரண்டு பேருக்கும் தெரியாது.

எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தால்? பேட்டர்ன் உயரத்துக்கு 500 அடி மேலே ஓடுபாதையின் நடுவைக் கடந்து, அந்தப் பக்கம் 2 மைல் போல வெளியே போய், அங்கே இறங்கி, வலப்பக்கம் சுற்றித் திரும்பி அதே 45 டிகிரிக்கு வாருங்கள். 500 அடி என்றால் டர்பைன் விமானங்களின் பேட்டர்ன் உயரம் அதேதான் என்பதை மறக்க வேண்டாம். ஜெட் வந்து போகிற இடமாக இருந்தால் இன்னும் உயரத்தில் கடப்பது நல்லது. பேட்டர்ன் உயரத்திலேயே நடுவைக் கடந்து நேராக டவுன்விண்டில் திரும்பிவிடும் இன்னொரு முறையும் அனுமதிக்கப்பட்டதுதான். ஆனால் கூட்டம் இல்லாதபோது மட்டும் செய்யுங்கள், 45-இல் வருபவருக்கும் ஏற்கெனவே டவுன்விண்டில் இருப்பவருக்கும் வழிவிடுங்கள்.

முன்னால் போகிறவர் மெதுவாக இருந்தால் வேகத்தைக் குறையுங்கள், அல்லது டவுன்விண்டைக் கொஞ்சம் நீட்டுங்கள். அவரைச் சுற்றிக்கொண்டு முந்தாதீர்கள். இடைவெளி வேண்டும் என்று டவுன்விண்டில் 360 டிகிரி சுற்றுவது படுமோசம், உங்கள் பின்னால் வருகிறவருக்கு நேர் எதிரே போய் நிற்பீர்கள். டவர் இருக்கும் இடத்தில் கண்ட்ரோலர் அப்படிச் சுற்றச் சொல்வார், உங்கள் பின்னால் யார் வருகிறார்கள் என்று அவருக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாது.

கண்ணை எப்படிப் பயன்படுத்துவது

வெளியே பார், வெளியே பார் என்று எல்லா இன்ஸ்ட்ரக்டரும் கத்துவார்கள், எப்படிப் பார்ப்பது என்று சொல்லிக்கொடுப்பவர்கள் குறைவு. கண்ணைச் சீராக இடமிருந்து வலம் ஓட்டினால் ஒன்றுமே தெரியாது, கண் நகரும்போது அது எதையும் சரியாகப் பதிவு செய்வதில்லை. வானத்தை 10 டிகிரித் துண்டுகளாகப் பிரித்துக்கொண்டு ஒவ்வொன்றிலும் குறைந்தது ஒரு நொடி நிறுத்திப் பாருங்கள். வெறும் நீல வானத்தை வெறித்துப் பார்த்தால் கண் தானாகவே சில அடி தூரத்தில் ஃபோகஸ் ஆகி நின்றுவிடும், தொலைவில் இருப்பது மங்கிப் போகும். அதனால் அவ்வப்போது தூரத்து மலை, மேகம், தண்ணீர்த் தொட்டி என்று எதையாவது பார்த்துக் கண்ணைத் தொலைவுக்கு இழுத்துக்கொள்ள வேண்டும்.

எந்த விமானம் ஆபத்தானது என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. உங்கள் கண்ணாடியில் இடமோ வலமோ நகர்ந்துகொண்டிருக்கும் விமானம் பெரும்பாலும் உங்களைத் தாண்டிப் போய்விடும். கண்ணாடியில் ஒரே இடத்தில் அசையாமல் நின்று மெல்லப் பெரிதாகிக்கொண்டே வருவதுதான் மோதப் போவது. கொடுமை என்னவென்றால், அசைவதைத்தான் நம் கண் சட்டென்று பிடிக்கும். அசையாமல் நிற்பதைத் தவறவிடும். கடைசிச் சில நொடிகள் வரை அது புள்ளியாகவே இருந்துவிட்டு, திடீரென்று கண்ணாடியை நிரப்பும். பார்த்து, அது விமானம் என்று உணர்ந்து, மோதும் பாதை என்று புரிந்து, எந்தப் பக்கம் திரும்புவது என்று முடிவெடுத்து, கை அசைந்து, விமானம் திரும்பத் தொடங்குவது வரை 12.5 நொடி ஆகும் என்பது எஃப்.ஏ.ஏ. சொல்லும் கணக்கு. இரண்டு விமானமும் 90 நாட்டில் நேருக்கு நேர் வந்தால் அந்த 12.5 நொடியில் இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தூரம் அரை மைலுக்கு மேல் குறைந்துவிடும்.

உங்கள் விமானம் எதையெல்லாம் மறைக்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். செஸ்னா மாதிரி இறக்கை மேலே இருந்தால், திரும்பும்போது திரும்புகிற பக்கத்தையே இறக்கை மூடிவிடும். அதனால் பேஸுக்குத் திரும்பும் முன் ஒரு கணம் அந்த இறக்கையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்புங்கள். பைப்பர் மாதிரி கீழே இறக்கை என்றால் அடியில் இருப்பது தெரியாது. ஃபைனலில் மேலே ஒரு பைப்பர், அதற்குக் கீழே ஒரு செஸ்னா, இரண்டும் ஒரே கோட்டில் இறங்குகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள்: பைப்பர்காரருக்குத் தன் இறக்கை மறைக்கிறது, செஸ்னாக்காரருக்குத் தன் இறக்கை மறைக்கிறது. இப்படித்தான் ஒன்றன் மேல் ஒன்று வந்து அமர்கிறது. கதவுக்கும் முன்கண்ணாடிக்கும் நடுவில் இருக்கிற தூண்கூட ஒரு முழு விமானத்தை மறைக்கும். தலையை முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள்.

லேண்டிங் லைட் பகலிலும் எரியட்டும். விமான நிலையத்திலிருந்து 10 மைலுக்குள் வந்தால் அது கட்டாயம் என்றே பழகிக்கொள்ளுங்கள். பக்கத்தில் நண்பர் உட்கார்ந்திருந்தால் அவருக்கும் வேலை கொடுங்கள், வேறு விமானம் தெரிந்தால் பேச்சை நிறுத்திவிட்டு விரலால் காட்டச் சொல்லுங்கள். செல்ஃபிக்கு மட்டும் இந்த நேரம் வேண்டாம்.

ஃபைனல்

எல்லாச் சிக்கலும் வந்து சேர்கிற இடம் இதுதான், அதனால் இதில் கொஞ்சம் நிற்போம்.

2022 ஆகஸ்ட் 18 அன்று மேலே சொன்ன அதே வாட்சன்வில்லில், பேட்டர்னில் சுற்றிப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்த செஸ்னா 152 ஒன்றும், நேராக ஃபைனலுக்கு வந்த இரட்டை இன்ஜின் செஸ்னா 340 ஒன்றும் மோதின. 152-இல் ஒருவர், 340-இல் இரண்டு பேர், மூவருமே இறந்துபோனார்கள். இதில் யோசிக்க வேண்டியது என்னவென்றால், இரண்டு பேருமே ரேடியோவில் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். 340 வெகு தூரத்திலிருந்தே தான் வருவதை அறிவித்தது. 152 பேஸில் திரும்புவதைச் சொன்னது, பின்னால் வேகமாக வருவதைப் பார்த்துவிட்டுக் கோ-அரவுண்ட் (இறங்காமல் மறுபடி மேலே ஏறிவிடுவது) போவதாகவும் சொன்னது. ஆனால் 340 ஏறக்குறைய 180 நாட்டில் வந்துகொண்டிருந்தது. 180 நாட் என்றால் நிமிடத்துக்கு 3 மைல். பேஸில் இருக்கும் 152 நிமிடத்துக்கு 1 மைலைக் கொஞ்சம் தாண்டும். "3 மைல் ஃபைனல்" என்று கேட்டதும், தனக்கு இன்னும் இரண்டு மூன்று நிமிடம் இருக்கிறது என்று மெதுவான விமானத்தில் பழகியவரின் மனம் கணக்குப் போடும். அவர் கையில் இருந்தது ஒரு நிமிடம்தான். 340-இன் விமானி முன்னால் இருந்த சின்ன விமானத்தைப் பார்த்துத் தவிர்க்கத் தவறியதே காரணம் என்று அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் முடிவு சொன்னது.

இதை வைத்து நீங்கள் செய்ய வேண்டியது: யாராவது நேராக ஃபைனலுக்கு வருவதாகச் சொன்னால் தூரத்தை மட்டும் கேட்காதீர்கள், விமானத்தின் வகையையும் கேளுங்கள். அவரைக் கண்ணால் பார்க்கும் வரை பேஸுக்குத் திரும்பாதீர்கள். டவுன்விண்டை நீட்டிவிட்டு, அவர் உங்கள் பக்கவாட்டில் தாண்டிப் போன பிறகு திரும்புங்கள். சட்டப்படி முன்னுரிமை யாருக்கு என்ற வாதம் தரையில் காபி குடிக்கும்போது நடக்கட்டும்.

சரி, சட்டம் என்னதான் சொல்கிறது? இறங்க வருகிற இரண்டு விமானங்களில் தாழ்வாக இருப்பவருக்கு முன்னுரிமை. ஆனால் அந்த விதியைச் சாக்காக வைத்து ஃபைனலில் இருப்பவரின் முன்னால் குறுக்கே புகவோ அவரை முந்தவோ கூடாது. 91.113 என்ற விதி இதைச் சொல்கிறது. நேராக ஃபைனலுக்கு வருவது தடை செய்யப்பட்டது இல்லை, ஆனால் பேட்டர்னில் ஏற்கெனவே இருப்பவர்களைக் கலைத்துவிட்டு நுழைய அது உரிமையும் தராது. நீங்களே வேகமான விமானத்தில் நேராக வருகிறீர்கள் என்றால், 10 மைலிலேயே வேகத்தைக் குறைக்கத் தொடங்குங்கள், பேட்டர்னில் ஆள் இருப்பது காதில் விழுந்தால் சுற்றி வந்து வரிசையில் சேருங்கள். அதனால் ஐந்து நிமிடம் தாமதமாகும். ஆகட்டும்.

பேஸில் திரும்பும் முன்பும், ஃபைனலுக்குத் திரும்பும் முன்பும், ஓடுபாதைக்கு எதிர்ப்பக்கமாகத் தலையைத் திருப்பி ஃபைனல் கோட்டின் முழு நீளத்தையும் பார்க்க வேண்டும். மாணவர்கள் எல்லோரும் ஓடுபாதையையே பார்த்துக்கொண்டு திரும்புவார்கள், அது இயல்புதான், ஆனால் ஓடுபாதை வந்து உங்களை இடிக்கப் போவதில்லை.

ஃபைனலில் முன்னால் இருப்பவரை நெருங்கிவிட்டீர்கள், அல்லது பின்னால் ஒருவர் ஏறி வருகிறார் என்று தோன்றினால் யோசிக்காமல் கோ-அரவுண்ட். ஏறும்போது ஓடுபாதைக்கு வலப்பக்கமாகச் சற்று ஒதுங்கிக்கொண்டால், கீழே யாராவது கிளம்பினால் அவரை இடது ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே ஏறலாம். பக்கத்தில் இணை ஓடுபாதை இருந்தால் மட்டும் அந்தப் பக்கம் ஒதுங்காதீர்கள்.

ஐபேடில் தெரியும் முக்கோணங்கள்

2020 ஜனவரி 1 முதல் பெரிய விமான நிலையங்களைச் சுற்றிய வான்பகுதியிலும் 10,000 அடிக்கு மேலேயும், விமானம் எங்கே, எந்த உயரத்தில் இருக்கிறது என்று தானாகவே ஒலிபரப்புகிற ஏ.டி.எஸ்-பி அவுட் கருவி கட்டாயம். அதனால் ஐபேடைத் திறந்தால் சுற்றி இருப்பவர்கள் எல்லாம் திரையில் தெரிகிற மாதிரி இருக்கும். 'மாதிரி' என்றுதான் சொல்ல முடியும். மற்ற இடங்களில் அந்தக் கருவி கட்டாயம் இல்லை, நீங்கள் இறங்கப் போகிற சின்ன விமான நிலையம் அந்த மற்ற இடங்களில் ஒன்றாக இருக்கலாம். மின் அமைப்பே இல்லாத பழைய விமானங்கள், கிளைடர்கள் திரையில் வரவே மாட்டா. தரை ரேடார் வழியாக வருகிற தகவல் சில நொடி பழையதாக இருக்கும். 10 மைலில் யார் எந்தப் பக்கம் இருக்கிறார்கள் என்று ஒரு படம் மனதில் பிடித்துக்கொள்ள ஐபேடைப் பாருங்கள், பேட்டர்னுக்குள் வந்த பிறகு மூடிவையுங்கள். வானத்தில் இருக்கிறதை மடியில் தேடுகிற பழக்கம் ஒட்டிக்கொண்டால் கழற்றுவது கஷ்டம்.

டவர் இருந்தாலும் இதெல்லாம் பொருந்தும்

டவர் உள்ள இடத்துக்குப் போனதும் 'இனி அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்' என்று ஒரு நிம்மதி வரும். அது அரைகுறை நிம்மதிதான். 2021 மே 12 அன்று டென்வர் பக்கத்தில் இருக்கும் சென்டெனியல் விமான நிலையத்தில் ஒரு சிரஸ் எஸ்.ஆர்.22, வலப்பக்க ஓடுபாதையில் இறங்க வேண்டியது, ஃபைனலுக்குத் திரும்பும்போது கோட்டைத் தாண்டிப் போய், இடப்பக்க ஓடுபாதைக்கு வந்துகொண்டிருந்த மெட்ரோலைனர் சரக்கு விமானத்தின் முதுகில் மோதியது. மெட்ரோலைனரின் உடம்பில் பெரிய ஓட்டை. அப்படியே தரையிறக்கினார் அதன் விமானி. சிரஸ் தன் பாராசூட்டை விரித்து இறங்கியது. மூன்று பேருக்கும் ஒரு கீறல்கூட இல்லை என்பதை நம்பத்தான் முடியவில்லை. அடுத்த ஆண்டு ஜூலை 17 அன்று வடக்கு லாஸ் வேகஸில் 30 இடது ஓடுபாதைக்கு அனுமதி வாங்கிய பைப்பர் ஒன்று 30 வலது பக்கம் போய் நின்றது, அங்கே வந்த செஸ்னா 172-உடன் மோதியது, நான்கு பேர் இறந்தார்கள்.

இணை ஓடுபாதை இருக்கும் இடத்தில் எண்ணோடு இடமா வலமா என்பதையும் திருப்பிச் சொல்லுங்கள், எழுதிக்கொள்ளுங்கள், திரும்பும்போது ஒருமுறை வாய்விட்டுச் சொல்லுங்கள். பேஸில் வேகத்தைக் குறைத்துக்கொண்டு சீக்கிரமாகவே ஃபைனலுக்குத் திரும்பத் தொடங்குங்கள். கோட்டைத் தாண்டப் போகிறீர்கள் என்று தெரிந்தால் கண்ட்ரோலரிடம் உடனே சொல்லிவிடுங்கள். இழுத்துப் பிடித்துச் செங்குத்தாகத் திருப்பிச் சரிக்கட்டப் பார்த்தால் அது வேறு விதமான சாவு, ஸ்டால் ஆகி, அதாவது இறக்கை தூக்கும் சக்தியை இழந்து, விழுவது.

அடுத்தது, டவர் ஒரு விமானத்தைக் காட்டி "தெரிகிறதா?" என்று கேட்கும்போது என்ன சொல்வது. தெரிந்தால் "டிராஃபிக் இன் சைட்", தெரியவில்லை என்றால் "நெகட்டிவ் கான்டாக்ட்". தெரிகிற மாதிரி இருக்கிறது என்றால் அதுவும் தெரியவில்லைதான். "இன் சைட்" என்று சொல்லி, பார்த்து விலகிப் போகும்படி கண்ட்ரோலர் சொல்வதையும் ஏற்றுக்கொண்ட கணத்திலிருந்து, அவரைத் தவிர்க்கிற வேலை கண்ட்ரோலர் தலையிலிருந்து உங்கள் தலைக்கு வந்துவிடுகிறது. பார்த்தவரைப் பிறகு தவறவிட்டால் அதையும் உடனே சொல்ல வேண்டும். 1978 செப்டம்பர் 25 அன்று சான் டியேகோவில் பி.எஸ்.ஏ. நிறுவனத்தின் போயிங் 727 முன்னால் போன செஸ்னா 172-ஐப் பார்த்ததாகச் சொன்னது, பிறகு அது கண்ணிலிருந்து மறைந்துவிட்டது, மறைந்துவிட்டது என்பதைக் கண்ட்ரோலருக்குத் தெளிவாகச் சொல்லவில்லை. தாண்டிப் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டார்கள். தரையில் இருந்த 7 பேரையும் சேர்த்து 144 பேர் இறந்தார்கள். 2025 ஜனவரி 29 இரவு வாஷிங்டனில் போட்டோமாக் ஆற்றின் மேல் ராணுவ ஹெலிகாப்டர் ஒன்று, இறங்கிக்கொண்டிருந்த பயணிகள் விமானத்தோடு மோதி 67 பேர் இறந்ததிலும், ஹெலிகாப்டரிலிருந்து விமானம் தெரிகிறது என்று சொல்லித் தாங்களே விலகிப் போவதாகக் கேட்டிருந்தார்கள். இரவில், நகரத்து விளக்குகளுக்கு நடுவில் எந்த விளக்கைப் பார்த்தார்கள் என்பதுதான் கேள்வி.

பெரிய விமானத்துக்குப் போகிறவர்களுக்கு

ஏர்லைன் வேலைக்குப் போன பிறகு, மோதல் வரப்போகிறது என்றால் எச்சரித்து வழி சொல்கிற டிகாஸ் கருவி உங்கள் பக்கத்தில் இருக்கும். அது "ஏறு" என்றால் ஏற வேண்டும், கண்ட்ரோலர் "இறங்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தாலும் சரி. 2002-இல் ஜெர்மனியின் யூபர்லிங்கன் அருகே ஒருவர் கருவி சொன்னதையும் மற்றவர் கண்ட்ரோலர் சொன்னதையும் கேட்டு, இருவருமே இறங்கி, 71 பேர் இறந்த பிறகு இதில் விவாதத்துக்கு இடமில்லை. ஆனால் தரையிலிருந்து சுமார் 1,000 அடிக்குக் கீழே வந்தால் அந்த ஏறு, இறங்கு கட்டளைகளைக் கருவி தருவதில்லை. ஃபைனலின் கடைசிப் பகுதியில் மறுபடியும் உங்கள் கண்தான்.

உயரக் கட்டுப்பாட்டைப் பற்றி நம்ம நாட்டிலேயே நடந்தது ஒன்று இருக்கிறது. 1996 நவம்பர் 12 மாலை டெல்லிக்கு இறங்கிக்கொண்டிருந்த கஜகஸ்தான் ஐ.எல்-76 விமானத்துக்கு 15,000 அடி கொடுத்திருந்தார்கள், கிளம்பி ஏறிக்கொண்டிருந்த சவுதி போயிங் 747-க்கு 14,000 அடி. எதிரே யார் வருகிறார்கள் என்றும் கஜகஸ்தான் விமானத்துக்குச் சொல்லியிருந்தார்கள். அது 15,000-இல் நிற்காமல் கீழே இறங்கியது. ஹரியானாவின் சர்க்கி தாத்ரி மேல் 349 பேரும் இறந்தார்கள், ஒருவர்கூட மிஞ்சவில்லை. அப்போது டெல்லியில் வருகிற விமானத்துக்கும் போகிற விமானத்துக்கும் ஒரே வழிதான், கண்ட்ரோலரின் ரேடார் திரையில் உயரம் தெரியாது, டிகாஸும் கட்டாயம் இல்லை. அதற்கப்புறம்தான் இதெல்லாம் மாறியது. பயிற்சி செஸ்னாவில் 1,600 என்றால் 1,600-தான் என்று மேலே அவ்வளவு பிடிவாதம் பிடித்தது இதனால்தான். அந்தப் பழக்கம் 200 மணி நேரத்துக்கு அப்புறம் திடீரென்று வந்து ஒட்டாது.

இறங்கிய பிறகு, ஓடுபாதையிலிருந்து வெளியேறி, அதன் எல்லையைக் காட்டும் ஹோல்ட் கோட்டை முழுவதும் தாண்டிவிட்டு, "கிளியர் ஆஃப் ரன்வே" என்று ஊர்ப் பெயரோடு சொல்லுங்கள், பின்னால் வருகிறவர் அதற்காகத்தான் காத்துக்கொண்டிருப்பார். யாராவது 500 அடிக்குள் நெருங்கி வந்து தப்பித்தீர்கள் என்றால், அதை மோதலுக்கு நெருங்கிய சம்பவம் என்று எஃப்.ஏ.ஏ.விடம் புகார் செய்யலாம். அதோடு விமானப் பாதுகாப்புச் சம்பவங்களைச் சேகரிப்பதற்காக நாசா நடத்தும் ஏ.எஸ்.ஆர்.எஸ். படிவத்தையும் நிரப்பி அனுப்புங்கள், இணையத்திலேயே முடிந்துவிடும். பெயரை நீக்கிவிட்டுத்தான் பயன்படுத்துவார்கள். தவறு உங்கள் பக்கமே இருந்து, அது வேண்டுமென்று செய்ததாக இல்லையென்றால், 10 நாளுக்குள் அனுப்பியிருக்கும் பட்சத்தில் பொதுவாகத் தண்டனையிலிருந்தும் அது காப்பாற்றும். வெளிநாட்டு மாணவர்கள் விசாவுக்குப் பயந்துகொண்டு இதைச் செய்யாமல் விட்டுவிடுகிறார்கள். அந்தப் பயம் தேவையில்லை, அன்றைக்கே உட்கார்ந்து எழுதி அனுப்பிவிடுங்கள்.